ஒரே படம், இரண்டு நிறம்: எடிட்டிங் மென்பொருளில் நிற வேறுபாடு எங்கே பிறக்கிறது?

ஒரே படம் லைட்ரூமில் ஒரு நிறமாகவும், போட்டோஷாப்பில் வேறு நிறமாகவும், பிரவுசரில் மூன்றாவதாகவும் தெரிகிறது. இல்லையென்றால், ஒரே இடத்தில் ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் ஒன்று மஞ்சள் பூத்திருக்கிறது, இன்னொன்றில் நீலம் ஏறியிருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் கை நேராக ஸ்லைடருக்குப் போகிறது. அங்கேதான் வேலை கெடுகிறது. வேறுபாடு கோப்பில் இல்லாமல் திரையில் இருந்தால், ஸ்லைடரை நகர்த்தும்போது நல்ல படத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். கெடுத்தது வேறொரு கணினியில் திறக்கும்வரை தெரியாது.

எனவே எதையும் மாற்றும் முன் வேறுபாடு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நிறம் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

பிக்சலில் இருப்பது எண் மட்டுமே

படக் கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கின்றன. 8 பிட் படமானால் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகும். 255, 0, 0 என்றால் முழுச் சிவப்பு. ஆனால் எந்தச் சிவப்பு? தக்காளியின் சிவப்பா, அதைவிட ஆழமானதா? அந்த மூன்று எண்களுக்கு அது தெரியாது. எண்ணுக்குப் பொருள் கொடுப்பது நிறவெளி. அடிக்கடி எதிர்ப்படும் நிறவெளிகள் நான்கு:

1. எஸ்ஆர்ஜிபி. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமானது. இணையத்தின் பொது மொழி இதுதான்.
2. அடோபி ஆர்ஜிபி. 1998-ஐச் சேர்ந்தது. பச்சை, நீலப்பச்சைப் பக்கம் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது.
3. டிஸ்பிளே பி3. ஆப்பிள் பரப்பியது. ஐபோன் கேமரா படங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.
4. புரோபோட்டோ ஆர்ஜிபி. கோடாக் உருவாக்கியது. மிகமிக அகலம். இதன் பச்சை, நீல முனைகள் கண்ணால் காணக்கூடிய நிறங்களுக்கே வெளியே கிடக்கின்றன. மற்ற மூன்றின் காமா ஏறத்தாழ 2.2 என்றால் இதற்கு 1.8. காமா என்பது எண்ணுக்கும் ஒளியளவுக்கும் உள்ள வளைவு. இந்த 1.8 பின்னால் முக்கியமாகும்.

இப்போது ஒரே ஒரு சிவப்பை எடுத்துக்கொள்வோம். எஸ்ஆர்ஜிபியில் அதன் எண் 255, 0, 0. அதே சிவப்பை, கண்ணுக்குத் துளியும் மாறாமல், அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. டிஸ்பிளே பி3-இல் 234, 51, 35. எண்கள் மூன்று விதம், நிறம் ஒன்று. நிறவெளி மாறும்போது எண் மாறுவதுதான் சரி. மாறாவிட்டால்தான் கோளாறு.

"இந்த எண்களை இந்த நிறவெளியில் படி" என்று கோப்போடு ஒட்டிவரும் சீட்டுக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். ஐசிசி புரொஃபைல் என்பார்கள். அதை வகுத்த ஐசிசி என்ற கூட்டமைப்பு 1993-இல் தொடங்கியது. கோப்புக்கு ஒரு புரொஃபைல் இருப்பதைப் போல மானிட்டருக்கும் ஒன்று உண்டு. நிற மேலாண்மை தெரிந்த மென்பொருள் கோப்பின் புரொஃபைலைப் படித்து, மானிட்டரின் புரொஃபைலைப் படித்து, எண்களை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கணக்கிட்டு அனுப்புகிறது. அது தெரியாத மென்பொருள் கோப்பில் உள்ள எண்களை அப்படியே திரைக்குத் தள்ளிவிடுகிறது. ஒரே படம் இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இது ஒன்றே காரணம்.

நான்கு இடங்கள்

ஆக, வேறுபாடு நுழையக்கூடிய இடங்கள் இவை:

1. எண்களே வேறு. படம் எடுத்தபோதோ எடிட் செய்தபோதோ மாறியிருக்கின்றன.
2. எண்கள் ஒன்றுதான், புரொஃபைல் தொலைந்துவிட்டது அல்லது தவறானது ஒட்டப்பட்டிருக்கிறது.
3. கோப்பு சரிதான், திரைக்குப் போகும் வழியில் கோளாறு.
4. எல்லாம் சரிதான், கண் ஏமாறுகிறது.

முதல் சோதனை: கோப்பிலா, திரையிலா?

கண்ணை நம்பாமல் எண்ணைப் படிக்க வேண்டும். ஆனால் ஆர்ஜிபி எண்களை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மேலே பார்த்த 255-உம் 219-உம் ஒரே நிறம்தானே. இங்கே உதவுவது லேப் எண்கள். லேப் என்பது சாதனத்தைச் சாராத அளவு: எல் என்பது வெளிச்சம், 0 முதல் 100 வரை, ஏ என்பது பச்சையிலிருந்து சிவப்புக்கு, பி என்பது நீலத்திலிருந்து மஞ்சளுக்கு. போட்டோஷாப்பின் இன்ஃபோ பேனலில் இரண்டாவது அளவீட்டை லேப் என மாற்றிவைத்துக்கொள்ளலாம்.

செய்முறை:

1. நிறத்தை அளக்கும் கருவியான ஐட்ராப்பரின் மாதிரி அளவை 5-க்கு 5 அல்லது 11-க்கு 11 சராசரி என வையுங்கள். ஒற்றைப் பிக்சலில் வைத்தால் படத்தின் இரைச்சல்தான் (பிக்சலுக்குப் பிக்சல் தாறுமாறாக மாறும் புள்ளிகள்) பதிலாக வரும்.
2. இரண்டு படங்களையும் 100 சதவீத ஜூமில் வையுங்கள்.
3. ஒரே பொருளின் ஒரே இடத்தில் கர்சரை வைத்து லேப் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறமான ஓரிடம், செறிவான நிறம் கொண்ட ஓரிடம் எனக் குறைந்தது இரண்டு இடங்கள் வேண்டும். இரண்டும் ஏன் தேவை என்பது அடுத்த பகுதியில் தெரியும்.
4. வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். மூன்று அளவுகளிலும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது டெல்டா ஈ. ஒரு படத்தில் 52, 1, 3. மற்றதில் 53, 2, 9 என்றால் வித்தியாசம் 1, 1, 6. கூட்டினால் 38, வர்க்கமூலம் ஏறத்தாழ 6.2. இந்தப் பழைய 1976 சூத்திரத்தில் 2.3 அளவில்தான் கண்ணுக்கு வேறுபாடு தட்டுப்படத் தொடங்கும் என்பது வழக்கமான கணக்கு. 6 என்றால் அருகருகே வைத்த உடனே தெரியும்.

லேப் எண்கள் ஒத்துப்போய், கண்ணுக்கு மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தால் படத்தைத் தொடாதீர்கள். கோளாறு திரையில் அல்லது கண்ணில். எண்களே வேறு என்றால் கோப்பில்.

ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுவதென்றால் இன்னும் துல்லியமான வழி ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே நிறவெளிக்கு மாற்றி, ஒரே ஆவணத்தில் இரண்டு லேயராக அடுக்கி, மேல் லேயரின் பிளெண்டிங் முறையை டிஃபரன்ஸ் என மாற்றுங்கள். ஒத்துப்போகும் இடமெல்லாம் கருப்பாகிவிடும். மேலே ஒரு லெவல்ஸ் லேயர் போட்டு வெள்ளை முனையை 255-இலிருந்து 16-க்கு இழுத்தால் சிறு வேறுபாடும் பதினாறு மடங்காகப் பெருகித் தெரியும். அப்போது கிடைக்கும் தடயங்களை இப்படிப் படிக்கலாம். படம் முழுக்க மெல்லிய தூசி போல 1, 2 அளவில் இருந்தால் அது நிறமாற்றக் கணக்கில் பின்னங்களை முழு எண்ணாக்கும்போது வரும் சிறு பிசகு, கவலை வேண்டாம். விளிம்புகள் மட்டும் மினுங்கினால் ஷார்ப்பனிங்கோ ஜேபெக் சுருக்கமோ, லேயர் ஒரு பிக்சல் தள்ளியிருப்பதோ காரணம். பரந்த பகுதி ஒரே நிறத்தில் ஒளிர்ந்தால்தான் உண்மையான நிற வேறுபாடு.

புரொஃபைல் கோளாறு: சாம்பல் காட்டிக்கொடுக்கும்

புரொஃபைல் தொலைந்த கோப்பை மென்பொருள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்கிறது. நம் சிவப்பை மீண்டும் பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0 என்று எழுதியது லேப்பில் 54, 81, 70. சீட்டு கிழிந்துபோய் அதே 219, 0, 0 எஸ்ஆர்ஜிபியாகப் படிக்கப்பட்டால் லேப்பில் ஏறத்தாழ 47, 72, 62. டெல்டா ஈ 14-க்குப் பக்கம். சிவப்பு இருண்டு, செறிவு குறைந்துவிட்டது. ஒரு பிக்சலின் எண்கூட மாறவில்லை, பொருள் மட்டும் மாறியது.

இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது, இதைப் பழகிக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி, டிஸ்பிளே பி3 மூன்றுக்கும் வெள்ளைப்புள்ளி (எது தூய வெள்ளை என்ற வரையறை) ஒன்றே, 6500 கெல்வின் அளவிலான டி65. காமாவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்தாலும் சாம்பல் நிறம் சாம்பலாகவே நிற்கும். செறிவான நிறங்கள்தான் வாடும் அல்லது கொதிக்கும். வெளிச்சத்தின் நிறச்சாய்வை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸில் கோளாறு என்றால் இதற்கு நேர்மாறு: சாம்பலும் வெள்ளையும்தான் முதலில் நிறம் பூசிக்கொள்ளும். ஆகவே:

1. சாம்பல் ஒத்துப்போகிறது, செறிவான நிறங்கள் மட்டும் மங்கல்: அகல நிறவெளிக் கோப்பு எஸ்ஆர்ஜிபியாகப் படிக்கப்படுகிறது.
2. சாம்பல் ஒத்துப்போகிறது, செறிவான நிறங்கள் மட்டும் கொதிக்கின்றன, முகம் சிவந்திருக்கிறது: எஸ்ஆர்ஜிபி கோப்பின்மேல் அகலமான புரொஃபைல் ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது நிற மேலாண்மை இல்லாத மென்பொருள் அகல நிற மானிட்டரில் ஓடுகிறது.
3. நிறங்கள் வாடி, படமே இருண்டிருக்கிறது: புரோபோட்டோ கோப்பு எஸ்ஆர்ஜிபியாகப் படிக்கப்படுகிறது. 18 சதவீதச் சாம்பல் எஸ்ஆர்ஜிபியில் 118, காமா 1.8 ஆன புரோபோட்டோவில் 98. அந்த 98-ஐ எஸ்ஆர்ஜிபியாகப் படித்தால் இருட்டு தானே வந்துவிடும். லைட்ரூமிலிருந்து போட்டோஷாப்புக்கு அனுப்பிய கோப்பை நேராக இணையத்தில் ஏற்றும்போது நடப்பது பெரும்பாலும் இது.
4. சாம்பலே நிறம் மாறியிருக்கிறது: கோப்பின் புரொஃபைலைத் தேடிப் பயனில்லை. ஒயிட் பேலன்ஸையும் மானிட்டரையும் பாருங்கள்.

சரிசெய்யும் இடத்தில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் விபத்து. போட்டோஷாப்பின் எடிட் மெனுவில் உள்ள அசைன் புரொஃபைல் எண்களைத் தொடாது, சீட்டை மட்டும் மாற்றும். ஆகவே நிறம் மாறும். கன்வெர்ட் டு புரொஃபைல் நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டு எண்களை மாற்றி எழுதும். சீட்டு தொலைந்த கோப்புக்கு அசைன். சீட்டோடு இருக்கும் கோப்பை இணையத்துக்கு அனுப்பக் கன்வெர்ட். சீட்டு தொலைந்த அடோபி ஆர்ஜிபி கோப்பை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் கன்வெர்ட் செய்துவிட்டால் வாடிய நிறம் அப்படியே எண்களில் பதிந்துவிடும். அப்புறம் அசல் கோப்புக்குத் திரும்புவதே மேல்.

கோப்பில் எந்த புரொஃபைல் இருக்கிறது என்று பார்க்கச் சில குறுக்குவழிகள். போட்டோஷாப்பில் ஆவணத்தின் தலைப்புப் பட்டியில் 8 என்ற பிட் எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறி இருந்தால், கோப்பின் புரொஃபைல் உங்கள் இயல்புநிலை நிறவெளியிலிருந்து வேறுபடுகிறது. ஹேஷ் குறி இருந்தால் புரொஃபைலே இல்லை. கேமரா கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால், கேமராவில் அடோபி ஆர்ஜிபி தேர்வாகியிருக்கிறது. அது கேமராக்களின் கோப்புப் பெயர் விதி.

ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பதிவது, உங்கள் மானிட்டருக்காக ஏற்கெனவே மாற்றப்பட்ட எண்கள். விண்டோஸில் அது பெரும்பாலும் புரொஃபைல் இல்லாமலே சேமிக்கப்படும். "என் திரையில் இப்படித் தெரிகிறது" என்று அனுப்பும் ஸ்கிரீன்ஷாட், பெறுபவர் திரையில் மூன்றாவதொரு நிறத்தில் தெரியும்.

கோப்பு சரி, திரை தவறு

லேப் எண்கள் ஒத்துப்போன பிறகும் இரண்டு மென்பொருளில் இரண்டு நிறம் தெரிந்தால், அவற்றில் ஒன்று நிற மேலாண்மை செய்யவில்லை என்பது முதல் சந்தேகம். இதை உறுதிசெய்யப் போட்டோஷாப்பிலேயே வழி இருக்கிறது. வியூ மெனுவில் புரூஃப் செட்டப் என்பதில் மானிட்டர் ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்துப் புரூஃப் கலர்ஸை இயக்குங்கள். இப்போது போட்டோஷாப் எண்களை மாற்றாமல் திரைக்கு அனுப்புகிறது. இந்தத் தோற்றம் அந்த இன்னொரு மென்பொருளோடு அச்சாக ஒத்துப்போனால், நிற மேலாண்மை இல்லாதது அதுதான். நம்ப வேண்டியது போட்டோஷாப்பை. சோதனை முடிந்ததும் புரூஃப் கலர்ஸை அணைக்க மறக்காதீர்கள். கன்ட்ரோலும் ஒய்யும் கைதவறி அழுந்தினாலே அது இயங்கிவிடும். "திடீரென்று எல்லாப் படமும் வெளுத்துவிட்டது" என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இருப்பது இந்த இரண்டு விசைகள்.

நிற மேலாண்மை செய்யும் எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி மஞ்சளோ நீலமோ ஏறியிருந்து, செய்யாதவற்றில் படம் சரியாக இருந்தால், பழுதடைந்தது மானிட்டரின் புரொஃபைல். மானிட்டர் நிறுவனத்தின் டிரைவரோடு வந்து தானாக நிறுவப்பட்ட புரொஃபைல் சில சமயம் இப்படிச் செய்யும். விண்டோஸில் சோதிக்க:

1. கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள்.
2. இந்தச் சாதனத்துக்கு என் அமைப்புகளைப் பயன்படுத்து என்ற பெட்டியை டிக் செய்யுங்கள்.
3. எஸ்ஆர்ஜிபி ஐஇசி61966-2.1 என்பதைச் சேர்த்து இயல்புநிலையாக்குங்கள்.
4. எடிட்டிங் மென்பொருளை மூடித் திறங்கள். போட்டோஷாப் மானிட்டர் புரொஃபைலைத் தொடங்கும்போதுதான் படிக்கிறது. மூடாமல் பார்த்துவிட்டு "மாறவில்லை" என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம்.

மஞ்சள் மறைந்தால் நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இது தற்காலிக மருந்துதான். சாதாரண மானிட்டருக்கு இது ஓரளவு போதும். அகல நிற மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி புரொஃபைலை வைத்தால் நிறங்கள் கொதிக்கும். நிரந்தரத் தீர்வு, அளவீட்டுக் கருவியைத் திரைமேல் வைத்து மானிட்டரை அளந்து புரொஃபைல் எழுதுவது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டபின் அளக்க வேண்டும். இலக்கு 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா. கடையிலிருந்து வந்த மானிட்டர் பெரும்பாலும் இதைவிட மிகப் பிரகாசமாக வைக்கப்பட்டிருக்கும். அந்தத் திரையில் திருத்திய படங்கள் அச்சில் இருட்டாக வருவதற்குக் காரணம் அதுவே.

மீதமுள்ளவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் நைட் லைட், ட்ரூ டோன், சுற்றுவெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் தானியங்கிப் பிரகாசம் ஆகியவை நிறவேலை செய்யும் நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். கருப்பெல்லாம் சாம்பலாகத் தெரிந்தால், எச்டிஎம்ஐ இணைப்பு 0 முதல் 255 வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரை அனுப்புகிறதா என்று கிராபிக்ஸ் அட்டையின் அமைப்பில் பாருங்கள். இரண்டு மானிட்டர் உள்ளவர்கள் ஒப்பிட வேண்டிய இரு படங்களையும் ஒரே மானிட்டரில் வைக்க வேண்டும். நன்றாக அளந்த இரண்டு மானிட்டர்கள்கூட முழுக்க ஒத்துப்போவதில்லை. எடிட்டிங் மென்பொருளில் மட்டும் நிழல் பகுதிகள் விநோதமாகத் தெரிந்தால், அதன் அமைப்பில் கிராபிக்ஸ் புராசஸர் பயன்பாட்டை அணைத்து மறுபடி பாருங்கள். மாறினால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்.

ரா கோப்பு திறந்த மறுநொடி மாறுவது ஏன்?

லைட்ரூமில் ரா கோப்பைத் திறந்ததும் பளிச்சென்று தெரிந்த படம், ஒரு நொடியில் மங்கிவிடுகிறது. மென்பொருள் படத்தைக் கெடுத்துவிட்டதாகத் தோன்றும். நடப்பது இதுதான்: ரா கோப்பில் இருப்பது சென்சாரின் அளவீடுகள். அதற்குள்ளேயே கேமரா தன் விருப்பப்படி தயாரித்த ஒரு சிறு ஜேபெக் முன்தோற்றமும் ஒட்டப்பட்டிருக்கும். முதலில் தெரிவது அந்த ஜேபெக். பிறகு மென்பொருள் சென்சார் அளவீடுகளைத் தன் கணக்குப்படி நிறமாக்கிக் காட்டுகிறது. கேமராவில் தேர்வுசெய்த விவிட், லேண்ட்ஸ்கேப் போன்ற பாணிகள் ரா அளவீட்டைத் தொடுவதில்லை. ஜேபெக்கை மட்டுமே பாதிக்கின்றன. கேமராவின் தோற்றமே வேண்டுமென்றால் டெவலப் பகுதியின் புரொஃபைல் பட்டியலில் கேமரா மேட்சிங் என்ற தொகுப்பிலிருந்து அதே பாணியைத் தேர்ந்தெடுக்கலாம். நெருங்கி வரும், முழுக்க ஒன்றாகாது. ஆகவே ஒரு படத்தின் ராவையும் மற்றொன்றின் ஜேபெக்கையும் வைத்து நிறம் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

போன் படங்களில் புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. இப்போதைய போன்கள் படத்தோடு ஒரு கெயின் மேப்பையும் சேமிக்கின்றன. எந்தெந்த இடத்தை எத்தனை மடங்கு கூடுதலாக ஒளிர வைக்க வேண்டும் என்று சொல்லும் சிறு வரைபடம் அது. ஆண்ட்ராய்டு 14-இல், 2023-இல், அல்ட்ரா எச்டிஆர் என்ற பெயரில் இது வந்தது. ஐபோனிலும் இதே கருத்து உண்டு. போனின் கேலரி அதைப் படித்து வானத்தையும் விளக்கையும் ஒளிரச் செய்கிறது. அதைப் படிக்காத எடிட்டிங் மென்பொருள் அடிப்படைப் படத்தை மட்டும் காட்டுகிறது. "கணினியில் திறந்தால் உயிரே இல்லை" என்று தோன்றுவதற்கு நிறம் காரணமில்லை, அந்தக் கூடுதல் ஒளி வராததுதான்.

ஜூம் மாறினால் நிறம் மாறும்

லைட்ரூமின் லைப்ரரி பகுதி ஏற்கெனவே தயாரித்து வைத்த ஜேபெக் முன்தோற்றத்தைக் காட்டுகிறது. டெவலப் பகுதி அந்த நேரத்தில் கணக்கிட்டுக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையில் நிழல்களிலும் செறிவான நிறங்களிலும் சிறு வேறுபாடு இயல்பு. நிறத்தைத் தீர்மானிக்க வேண்டிய இடம் டெவலப். அங்கேயே ஷிஃப்ட்டும் ஆரும் அழுத்தினால் ரெஃபரன்ஸ் வியூ திறக்கும். ஒருபக்கம் மாதிரிப் படத்தை நிறுத்திவைத்து மறுபக்கத்தைத் திருத்தலாம். லைப்ரரியின் கம்பேர் வியூவைவிட இந்த வேலைக்கு இதுவே ஏற்றது.

போட்டோஷாப் வேகத்துக்காகப் படத்தின் சிறிய பிரதிகளைக் கேஷில் வைத்திருக்கிறது. படத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் அந்தச் சிறு பிரதியின்மேல் கணக்கிடப்படுகின்றன. இரைச்சல் மிகுந்த இருட்டுப் படத்தில் கர்வ்ஸை ஓங்கி இழுத்திருந்தால், 25 சதவீதத்தில் தெரியும் நிறமும் 100 சதவீதத்தில் தெரியும் நிறமும் நன்றாகவே வேறுபடும். சிறு பிரதியில் இரைச்சல் சராசரியாகிவிடுவதே காரணம். பெர்ஃபார்மன்ஸ் அமைப்பில் கேஷ் லெவலை 1 ஆக்கினால் இது நீங்கும், வேகம் குறையும். 100 சதவீதத்தில் பார்த்து முடிவெடுப்பதே எளிது.

எண்களே வேறு: இரண்டு படங்களை ஒன்றாக்குவது

இப்போதுதான் ஸ்லைடருக்கு வருகிறோம். ஒரு சாம்பல் சட்டையை ஒரே அறையில் இரண்டு முறை எடுத்ததாகக் கொள்வோம். இரண்டும் எஸ்ஆர்ஜிபி. சட்டையின் தோள்பகுதியில் முதல் படத்தில் 131, 130, 131. இரண்டாவதில் 138, 130, 119. முதலாவதில் மூன்றும் சமம், நடுநிலை. இரண்டாவதில் நீலத்தைவிடச் சிவப்பு 19 கூடுதல், பச்சை நடுவில். சிவப்பும் மஞ்சளும் ஏறிய வெதுவெதுப்பு, ஒயிட் பேலன்ஸின் டெம்பரேச்சர் (நீலம்–மஞ்சள்) அச்சில் உள்ள வழுவல். பச்சை மட்டும் தனியாக மேலேயோ கீழேயோ போயிருந்தால் டின்ட் (பச்சை–மெஜந்தா) அச்சில் வழுவல் என்று பொருள்.

ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரால் அதே தோளில் சொடுக்கினால் 129, 130, 129 போல வந்து நிற்கும். இனி சட்டையின் மறுபக்கத்தையும் அளந்து பாருங்கள். அங்கேயும் மூன்றும் சமமானால் வேலை முடிந்தது. அங்கே 118, 124, 135 என்று நீலம் ஏறியிருந்தால் அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சமும் இந்தப் பக்கம் விளக்கும் விழுந்திருக்கின்றன. கலப்பு வெளிச்சத்தை ஒரே ஸ்லைடரால் ஒருபோதும் நேராக்க முடியாது. மாஸ்க் போட்டு அந்தப் பக்கத்துக்குத் தனி டெம்பரேச்சர் கொடுக்க வேண்டும்.

சமமாக்கும் வேலையில் கால் இடறும் இடங்கள்:

1. ஆஸ் ஷாட் பொறி. முதல் படத்தின் ஒயிட் பேலன்ஸ் ஆஸ் ஷாட் என்றிருக்கும்போது அமைப்புகளை மற்ற படங்களுக்கு சிங்க் செய்தால் (நகலெடுத்தால்), போய்ச்சேருவது எண் அல்ல, "எடுத்தபடி" என்ற கட்டளை. ஒவ்வொரு படமும் தன் சொந்த ஆட்டோ ஒயிட் பேலன்ஸிலேயே நிற்கும். முதல் படத்தில் டெம்பரேச்சரை ஓர் எண் கூட்டிக் குறைத்து கஸ்டம் ஆக்கிவிட்டு அப்புறம் சிங்க் செய்யுங்கள்.
2. டெவலப் பகுதியில் வேறு வேறு புரொஃபைல் அல்லது பிராசஸ் வெர்ஷன் (லைட்ரூமின் நிறக்கணக்கின் பதிப்பு). பழைய படத்தில் பழைய பதிப்பும் புதியதில் புதிய பதிப்பும் இருந்தால் அதே ஸ்லைடர் எண் அதே விளைவைத் தராது. முதலில் இவை இரண்டையும் ஒன்றாக்குங்கள்.
3. எக்ஸ்போஷர் வேறுபாடு. இருட்டான படம் செறிவாகவும் வெளிச்சமானது வெளிறியும் தெரியும். லேப்பில் எல் அளவைச் சமமாக்கிய பிறகே நிறத்தைத் தொட வேண்டும்.
4. மின்விளக்குத் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. சில விளக்குகளில் பிரகாசத்தோடு நிறமும் ஆடும். 1/500 நொடியில் தொடர்ந்து எடுத்தால் ஒவ்வொரு படமும் அந்தத் துடிப்பின் ஒவ்வொரு துண்டைப் பிடிக்கும். அமைப்பெல்லாம் ஒன்றாக இருந்தும் அடுத்தடுத்த படங்கள் நிறம் மாறுவது இதனால்தான். 50 ஹெர்ட்ஸில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/125 வைத்தால் அடங்கும். எடுத்து முடித்த படங்களை ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.
5. இரண்டு கேமராக்கள். சென்சாரின் நிறவடிகட்டிகள் வேறு என்பதால், இரண்டிலும் 5200 கெல்வின் என்று வைத்தாலும் நிறம் ஒன்றாகாது. கெல்வின் எண்ணைக் கேமரா விட்டுக் கேமரா நகலெடுப்பதில் பயனில்லை. 24 கட்டங்கள் கொண்ட கலர் செக்கர் அட்டையை ஒரே வெளிச்சத்தில் இரண்டாலும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி கேமரா புரொஃபைல் தயாரித்துக்கொள்வதே வழி. சாம்பலைச் சமமாக்கிய பிறகும் சிவப்பும் நீலமும் ஒத்துவராமல் அடம்பிடிப்பது இந்த வகை.

கண்ணை எவ்வளவு நம்பலாம்?

மிஷெல் செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கருப்புச் சாயத்தில் அழுத்தம் போதவில்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. அருகில் நெய்த நிறங்கள் அந்தக் கருப்பை அப்படிக் காட்டின. 1839-இல் அவர் விரிவாக எழுதிய இந்த உண்மைதான் இன்று நம் திரையிலும் நடக்கிறது. மஞ்சள் படத்தின் பக்கத்தில் வைத்த நடுநிலைப் படம் நீலமாகத் தெரியும். இரண்டு படங்களை அருகருகே வைத்துத் திருத்தும்போது, சரியானதையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான்.

அதனால் மென்பொருளின் பின்னணியை நடுச் சாம்பலில் வையுங்கள். வண்ணமயமான டெஸ்க்டாப் படம் ஓரத்தில் எட்டிப்பார்க்கக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதைவிட, ஒரே இடத்தில் ஒன்றை மாற்றி ஒன்று காட்டிப் பார்ப்பது துல்லியம்: இரண்டு லேயராக அடுக்கி மேல் லேயரின் கண் குறியை அணைத்து எரித்தால் போதும். ஒரே படத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் கண் அதன் நிறச்சாய்வுக்குப் பழகி அதையே நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும். திரையைவிட்டு எழுந்து சில நிமிடம் கழித்து வந்து முதல் பார்வையில் என்ன தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நெருங்கினால் விடலாம் என்பது படங்கள் எங்கே போகின்றன என்பதைப் பொறுத்தது. தனித்தனிப் பக்கங்களில் வரும் படங்களில் டெல்டா ஈ 4, 5 இருந்தாலும் பார்ப்பவர் கவனிப்பது அரிது. ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே முகம் வந்தால் 2-க்குள் கொண்டுவரப் பாருங்கள். ஒரே துணியின் இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரே படமாக்குகிறீர்கள் என்றால், சேரும் கோட்டின் இரண்டு பக்கமும் அளந்து 1-க்குக் கீழே வரும்வரை விடாதீர்கள். கோடு இருக்கும் இடத்தில் கண் மன்னிப்பதில்லை.